தமிழர் பற்றி ஆய்வு செய்ய வரலாற்றுத் துறையில்தான் சேர வேண்டுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதுகலை ஆய்வுக்கு நம் மக்களைப் பற்றி எழுத வரலாறுதான் வழியா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. 1860 முதல் 1911 வரை டர்பன் இருக்கும் நட்டால் பகுதிக்கு இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்களையே எடுங்களேன், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், சாதி, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல். உயரத்தை வைத்துப் பொருளாதார மாணவர் அன்றைய ஊட்டச்சத்தைக் கணிக்கலாம், மொழியியலுக்கு எழுத்தர் காதில் விழுந்தபடி சிதைந்த தமிழ்ப் பெயர்களே போதும், புவியியல் என்றால் வட ஆற்காட்டு ஊர்களை வரைபடமாக்கலாம். காவடி, தீமிதி என்று போனால் சமயவியல். ஆனால் அதற்குப் பெரியவர்களைப் பேட்டி எடுக்க வேண்டிவரும், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வராமல் ஒரு கேள்விகூடக் கேட்காதீர்கள். அப்புறம், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் பழைய ஆய்வேடுகள் இணையத்தில் இலவசம். முதலில் அவற்றைப் புரட்டுங்கள்.