எல்.இ.டி. எரியுது, மோட்டார் சுத்தலையே!

கேள்வி: பள்ளி ரோபோட்டிக்ஸ் வகுப்பில் ஆர்டுயினோ ஊனோ போர்டில் (புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) எல்.இ.டி.யை மினுக்கும் புரோகிராம் எழுதினேன், சரியாக ஓடியது. அதே பின்னில் (போர்டில் வயர் மாட்டும் முனை) சக்கர மோட்டாரை மாட்டினால் முனகக்கூட இல்லை. புரோகிராமில் என்ன தப்பு?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேனி

பதில்: புரோகிராம் பாவம், அதை விட்டுவிடுங்கள். ஊனோவின் ஒரு பின் நிம்மதியாகத் தரக்கூடியது 20 மில்லி ஆம்பியர்தான், எல்.இ.டி.க்கு அது தாராளம், ஆனால் சக்கரத்தைச் சுற்றும் அந்த மஞ்சள் கியர் மோட்டார் கிளம்பும்போதே நூற்றுக்கணக்கில் இழுக்கும், அப்படியே விட்டுவைத்தால் போர்டின் அந்தப் பின் கருகினாலும் கருகும். நடுவில் எல்293டி மாதிரி ஒரு டிரைவர் சிப் வேண்டும். போர்டு கட்டளை மட்டும் கொடுக்கும், மோட்டாருக்கான மின்சாரம் தனி பேட்டரியிலிருந்து வரும். மோட்டாரை நிறுத்தும்போது திருப்பி உதைக்கும் மின்னழுத்தத்தைச் சமாளிக்கிற டயோடுகளும் (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகங்கள்) அந்தச் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன. அப்புறம், பேட்டரியின் மைனஸையும் போர்டின் ஜி.என்.டி. (கிரவுண்ட்) பின்னையும் ஒரு வயரால் கட்டாயம் இணையுங்கள், பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். சின்ன 9 வோல்ட் செவ்வக பேட்டரி வேண்டவே வேண்டாம், பார்க்கத்தான் கெத்து, மோட்டார் இழுத்தால் சீக்கிரமே மூச்சு வாங்கிவிடும். நாலு டபுள் ஏ செல் போடுங்கள்; சிப்பே 2 வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும் என்பதால் அதற்குக் குறைத்தால் வண்டி நகராது.