கேள்வி – பதில்: ஏலச்சீட்டுக்கு ஒரு டேட்டாபேஸ்

டேட்டாபேஸ் பாடத்துக்காக இ.ஆர். படம் (எந்த விவரம் எதோடு தொடர்புடையது என்று காட்டும் வரைபடம்) வரைந்து பழகுகிறேன். ஏலச்சீட்டு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொண்டு உறுப்பினர், குரூப் என்று இரண்டு என்டிட்டி (விவரம் சேமிக்க வேண்டிய பொருள்) போட்டு, நடுவில் பல–பல உறவு (ஒருவர் பல குரூப்பில், ஒரு குரூப்பில் பலர்) வரைந்தேன். சரியா?
– கல்லூரி மாணவி, மதுரை

பார்க்கச் சரியாகத்தான் இருக்கும்; டேபிளாக மாற்றும்போது மாட்டிக்கொள்ளும். பல–பல உறவை டேபிளாக்கினால் உறுப்பினர் எண்ணும் குரூப் எண்ணும் சேர்ந்து பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசைக்கும் திரும்ப வராத அடையாளம்) ஆகும். ஒரே குரூப்பில் ஒருவரே இரண்டு சீட்டு போடுவது வழக்கம். அவருடைய இரண்டாவது வரிசையை டேட்டாபேஸ் ஏற்காது.

தவணை கட்டுவதும் ஏலம் எடுப்பதும் ஆளின் பேரில் இல்லை, டிக்கெட்டின் (குரூப்பில் ஒரு சீட்டுக்கான எண்ணுள்ள இடம்) பேரில்தான் நடக்கிறது. ஆகவே டிக்கெட்டைத் தனி என்டிட்டி ஆக்குங்கள். ஒரு குரூப்புக்குப் பல டிக்கெட். ஓர் உறுப்பினருக்கும் பல டிக்கெட். 7-ம் எண் டிக்கெட் எல்லா குரூப்பிலும் இருக்கும் என்பதால், குரூப் எண்ணும் டிக்கெட் எண்ணும் சேர்ந்தால்தான் கீ. புத்தகத்தில் இரட்டைக் கோட்டுப் பெட்டியாகக் காட்டும் ‘வீக் என்டிட்டி’ இதுதான்.

ஏலத்துக்கும் அப்படியே: குரூப் எண், மாத எண் இரண்டும் கீ. எடுத்த டிக்கெட்டின் எண் அதே வரிசையில் இருக்கட்டும். குரூப் எண், எடுத்த டிக்கெட் எண் இரண்டுக்கும் சேர்த்து யுனிக் கட்டுப்பாடு (அதே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற விதி) போட்டால், ஒரு டிக்கெட் இரண்டு முறை சீட்டு எடுக்க முடியாது. அதே இரண்டும் சேர்ந்து டிக்கெட் டேபிளுக்கு ஃபாரின் கீ (வேறு டேபிளில் உள்ள வரிசையைச் சுட்டும் கீ) ஆனால், வேறு குரூப் டிக்கெட் இந்த ஏலத்தில் நுழையவும் வழியில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் தானாக ஏறும் ஐ.டி. ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். டிக்கெட் ஐ.டி. மட்டும் வைத்தால் இந்தக் காவல் போய்விடும். பிறகு அதை புரோகிராமில் எழுதித்தான் காப்பாற்ற வேண்டும்.

ரசீதையும் தவணையையும் ஒன்றாக்காதீர்கள். 4,000 ரூபாய்த் தவணையை 2,500, 1,500 என்று பிரித்துக் கட்டுவார்கள். ஒரே செக்கில் இரண்டு டிக்கெட்டுக்குக் கட்டுவோரும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ‘எந்த ரசீதிலிருந்து எந்தத் தவணைக்கு எவ்வளவு’ என்ற டேபிள் வேண்டும்.

டிவிடெண்ட் தொகையைச் சேமிக்கலாமா, கணக்கிட்டுக்கொள்ளலாமா?
– புரோகிராமர், கோவை

1 லட்சம் ரூபாய்ச் சீட்டு, 20 டிக்கெட், மாதம் 5,000 என்று வைத்துக்கொள்வோம். ஏலத்தில் சீட்டு எடுப்பவர் 25,000 ரூபாயைத் தள்ளிக்கொடுக்கிறார்; இதுதான் தள்ளுத்தொகை. 5 சதவீதக் கமிஷன் 5,000 கழிந்தால் மீதி 20,000, டிக்கெட்டுக்கு 1,000; இதுதான் டிவிடெண்ட். கட்ட வேண்டியது 4,000. தள்ளுத்தொகை இருந்தால் மற்றதெல்லாம் கணக்கில் வந்துவிடும். படத்தில் புள்ளிக்கோட்டு முட்டை வடிவம் (கணக்கிட்டுப் பெறும் விவரத்தின் குறி) போதும்.

ஆனால் கமிஷன் விகிதம் குரூப் டேபிளில் இருக்க வேண்டும், புரோகிராமுக்குள் அல்ல. 1982-ம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் வைத்திருந்த 5 சதவீத உச்சவரம்பை 2019-ல் வந்த திருத்தம் 7 ஆக்கியது. விகிதத்தை ஒரே இடத்தில் எழுதி வைத்தவர் அதை மாற்றினால், முடிந்துபோன குரூப்களின் கணக்கும் சேர்ந்து மாறும். 30 டிக்கெட் குரூப்பில் 20,000 சமமாகப் பிரியாது. ரவுண்டு செய்து தவணை அறிவித்தபின் அந்தத் தொகையைச் சேமித்துவிடுங்கள்.

சென் முறையா, காக்கைக்கால் குறியா?
– வாசகர், சேலம்

வேலைக்குப் போனால் பெரும்பாலும் காக்கைக்கால்தான் (கோட்டின் நுனியில் மூன்று கிளை போட்டு ‘பல’ என்று காட்டுவது). பீட்டர் சென் 1976-ல் வெளியிட்ட கட்டுரையில் உறவைக் காட்டும் வைர வடிவம், உறவுக்கே சொந்தமான விவரங்களைக் கண்டுபிடிக்கப் பழகுகிறவர்களுக்கு உதவும். எதில் வரைந்தாலும் ஒவ்வொரு கோட்டையும் இரு பக்கமிருந்தும் வாய்விட்டுப் படியுங்கள்: “ஒரு டிக்கெட் அதிகபட்சம் ஒரு ஏலத்தை எடுக்கும், இன்னும் எடுக்காமலும் இருக்கலாம்.”

வரைந்த படம் சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– மாணவர், தஞ்சாவூர்

டேபிள்களைத் தாளில் வரைந்து கையால் நிரப்புங்கள். ஒருவருக்கு இரண்டு டிக்கெட், பாதித் தவணை, ஒரு மாதம் கட்டாதவர், நடுவில் வேறொருவருக்குக் கைமாறிய டிக்கெட் ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். கைமாறியதில் பெரும்பாலான படங்கள் உடையும்: உறுப்பினர் எண்ணை மேலெழுதினால் பழையவர் கட்டிய பணமெல்லாம் புதியவர் பேரில் வந்துவிடும். தேதியோடு ஓர் உரிமை டேபிள் வேண்டும்.

அடுத்து, “7-ம் டிக்கெட்டின் பாக்கி எவ்வளவு?” என்று கேட்டு, பதில் போகும் கோடுகளை விரலால் தொடருங்கள். குரூப்பிலிருந்து டிக்கெட்டுக்கு ஒரு கோடு, ரசீதுக்கு இன்னொரு கோடு என்று மட்டும் வரைந்திருந்தால் யார் கட்டினார்கள் என்று தெரியாது. மூன்று டேபிளையும் ஜாயின் செய்தால் (இணைத்துப் பார்த்தால்) ஒவ்வொரு ரசீதும் 20 டிக்கெட்டோடும் ஒட்டி, 4,000 வசூல் 80,000 என்று காட்டும்.