எந்த வரிசையில் உட்காரலாம்? – வாசகர் கேள்வி பதில்

புதுப்பித்துத் திறந்த மல்டிபிளெக்ஸ்களைப் பற்றி டர்பன், ஜோகன்னஸ்பர்க் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில்கள்.

கேள்வி: உம்ஷ்லாங்கா கேட்வே மாலில் ஐமேக்ஸ் எனும் பெரிய திரை அரங்கு இருக்கிறது. நம் தமிழ்ப் படம் அங்கே வந்தால், கூடுதல் ரேண்ட் கொடுத்துப் பார்ப்பது உருப்படியா? – வாசகர், பீனிக்ஸ்

பதில்: எப்படி எடுத்த படம் என்பதைப் பொறுத்தது. டிஜிட்டல் ஐமேக்ஸ் படத்தின் வடிவம் பெரும்பாலும் 1.90:1, அதாவது உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 1.90 பங்கு. நம் படங்களில் பெரும்பாலானவை ‘ஸ்கோப்’ எனப்படும் 2.39:1 அகலத்தில் வருகின்றன. அதை அப்படியே ஐமேக்ஸ் திரையில் போட்டால் மேலும் கீழுமாகச் சேர்த்து உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கறுப்பாகக் கிடக்கும். அந்தத் திரைக்கென்றே சில காட்சிகளை உயரமாக வைத்திருக்கிறார்களா என்று படத்தின் விளம்பரத்தில் பாருங்கள். இருந்தால் தாராளமாகப் போகலாம். இல்லாவிட்டாலும் வெளிச்சமும் ஒலியும் சாதா அரங்கைவிட மேலாக இருக்க வாய்ப்புண்டு. சண்டை, கூட்டம், மலை, கடல் என்று விரியும் படத்துக்கு அது போதும். நான்கு சுவருக்குள் நடக்கும் குடும்பக் கதைக்கு வேண்டாம். அந்தக் காசில் சாதா ஸ்கிரீனில் நடு சீட்டு வாங்கி, மிச்சத்துக்குப் பாப்கார்ன் சாப்பிடலாம்.

இன்னொன்று: முன்பெல்லாம் ஸ்கோப் படத்துக்கும் சாதா அகலப் படத்துக்கும் தக்கபடி திரையோரத்துக் கறுப்புத் துணி நகரும். புதுப்பிக்கும்போது செலவை மிச்சம் பிடிக்கப் பல அரங்குகளில் அதைக் கழற்றிவிடுகிறார்கள். படம் விழாத பட்டை அப்போது கறுப்பாகத் தெரியாது, சாம்பலாகத் தெரியும். பெரிய செலவில் புதுப்பித்த இடத்தில் இது சகிக்காத குறைதான்.

கேள்வி: இணையத்தில் சீட்டு எடுக்கும்போது எந்த வரிசை நல்லது என்று தெரியவில்லை. பின்னாலேயே எடுத்துவிடுகிறோம். – வாசகி, டோங்காட்

பதில்: கடைசி வரிசை நம்மவர்களின் பழைய வழக்கம். பழைய அரங்குகளில் பால்கனிக்கு மதிப்பு இருந்த காலத்துக் கணக்கு அது. இன்றைய அரங்கில் ஒலியைச் சரிபார்க்கும்போது மைக்குகளைத் திரையிலிருந்து ஏறத்தாழ அறையின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் வைக்கிறார்கள். அங்கே, நடுவில் உட்கார்ந்தால் அவர்கள் அமைத்த ஒலி அப்படியே கிடைக்கும். கடைசி வரிசையில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்கள் காதருகே கத்தும்.

படத்தின் அளவுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. கையை முழுக்க நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடியுங்கள். அந்த முட்டி ஏறக்குறைய 10 டிகிரியை மறைக்கும். திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு முட்டியை நகர்த்திப் பாருங்கள்: மூன்றரை, நான்கு முட்டி என்றால் சாதா ஸ்கிரீனுக்கு அளவான இடம். மூன்றுக்குக் கீழே போனால் வீட்டுத் தொலைக்காட்சி போல ஆகிவிடும். ஐந்தைத் தாண்டினால் கழுத்து வலிக்கும். அடியில் ஓடும் ஆங்கில எழுத்தையும் முகத்தையும் சேர்த்துப் பார்க்க முடியாது. மீட்டர் கணக்கில் சொன்னால், 15 மீட்டர் அகலத் திரைக்கு 20 முதல் 23 மீட்டர் தூரம். ஐமேக்ஸில் அறையின் ஆழம் குறைவு, திரை பெரிது. அதனால் அங்கே நடுவரிசைக்குச் சற்றுப் பின்னே எடுங்கள்.

ரிக்ளைனர் எனும் சாய்வு நாற்காலி போட்ட பிறகு வரிசைகள் குறைந்திருக்கும். பழைய ‘எச்’ வரிசையும் புது ‘எச்’ வரிசையும் ஒரே இடத்தில் இல்லை. வரைபடத்தில் திரை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தலைகீழாகப் பார்த்து முதல் வரிசையில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

கேள்வி: பாட்டு காதைக் கிழிக்கிறது, வசனம் மட்டும் கேட்பதில்லை. அட்மாஸ் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். – வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: டால்பி அட்மாஸ் என்பது ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியது. ஒரே நேரத்தில் 128 ஒலித்தடங்கள் வரை வைத்துக்கொண்டு, 64 தனி ஸ்பீக்கர் வழிகள் வரை, தலைக்கு மேலிருப்பவை உட்பட, பிரித்து அனுப்பும். வசனத் தெளிவுக்கும் அந்தப் போர்டுக்கும் சம்பந்தமில்லை. வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஒரே ஸ்பீக்கரிலிருந்து, திரையில் குத்திய பொடித் துளைகள் வழியாக வருகிறது.

கோளாறு வேறிடத்தில். பல அரங்குகளின் ஒலிக் கருவியில் 0 முதல் 10 வரை ஒரு எண் உண்டு. படத்தின் ஒலிகளைக் கலந்து மிக்ஸ் செய்யும்போது 7 என்று வைத்துத்தான் செய்வார்கள். நம் படங்களின் பாட்டும் சண்டையும் சத்தமாக இருப்பதால் யாராவது புகார் சொல்ல, மேலாளர் அதை 5 ஆக்கிவிடுவார். இரண்டு படி இறக்கினால் ஏறக்குறைய 6.7 டெசிபல் போய்விடும். பாட்டு அப்போது அளவாகிவிடும், மெல்லப் பேசும் வசனம் மூழ்கிவிடும். முதல் பத்து நிமிடத்துக்குள் ஒருவர் வெளியே போய், “வசனம் கேட்கவில்லை, அரை எண் கூட்டுங்கள்” என்று சொல்லுங்கள். ஆபரேட்டர் அறையில் ஆள் இல்லாத காலம் இது. சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். பாட்டுக்கும் பேச்சுக்கும் ஒரே எண்தான் என்பதால் அதற்கு மேல் கேட்டால் பாட்டு மறுபடி காதைக் கிழிக்கும். நடு ஸ்பீக்கரே கரகரத்தால் வேறு அரங்குக்கு மாற்றித்தரக் கேளுங்கள், அதை அன்றே சரிசெய்ய முடியாது.

கேள்வி: 3டி படம் இருட்டாக இருக்கிறது என்கிறார் தாத்தா. வயதா, அரங்கா? – வாசகி, மெர்பாங்க்

பதில்: பெரும்பாலும் அரங்குதான். சாதாப் படத்துக்குத் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம் வேண்டும் என்பது தொழில்முறை அளவு. 3டியில் கண்ணாடி வழியே அது 4.5 அளவுக்கு இறங்குவது சகஜம். புரொஜக்டரின் செனான் விளக்கு பழசானால் இன்னும் குறையும். லேசர் புரொஜக்டரில் ஒளி மங்குவது மெதுவாக நடக்கும். பல 3டி அரங்குகளில் வெள்ளித் திரை போடுவார்கள். அது நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் காட்டும், ஆகவே ஓர சீட்டு வேண்டாம்.

சாதாப் படமே மங்கலாக இருந்தால் ஒருமுறை திரும்பிப் பின்சுவரில் ஒளி வரும் ஜன்னலைப் பாருங்கள். சில பழைய புரொஜக்டர்களில் 3டி லென்ஸைக் கழற்றாமல் விட்டால், ஒளிக்கற்றை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் மேலாளரிடம் சொல்லலாம். அது அவர்கள் தவறு.

கேள்வி: ஒரே படம் நாலு இடத்தில் ஓடுகிறது. தமிழ் என்று நினைத்துப் போய் வேறு மொழியில் மாட்டிக்கொண்டோம். – வாசகர், லெனாசியா

பதில்: பெரிய படங்கள் தமிழ், தெலுங்கு, இந்தி என ஒரே தலைப்பில் வருகின்றன. பெயருக்கு அடியில் சின்ன எழுத்தில் மொழியும் ஆங்கில சப்டைட்டில் உண்டா என்பதும் இருக்கும். தமிழ் தெரியாத பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். இந்தியத் தணிக்கைச் சான்றிதழை மட்டும் நம்பாமல் இங்கே தென்னாப்பிரிக்காவில் உள்ள வயது மதிப்பீட்டையும் பாருங்கள். 10-12PG என்றிருந்தால் எட்டு வயதுக் குழந்தைக்கு அது பொருந்தாது, பெரியவர் கூட இருந்தாலும் சரி.

கேள்வி: ஆயாவுக்கு 4டிஎக்ஸ் சரிப்படுமா? – வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: வேண்டாம். நாற்காலி குலுங்கும், முன்னும் பின்னும் சாயும், முதுகில் குத்தும். இதய நோய், முதுகு, கழுத்து வலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. தெம்பானவர்கள் போனால் தண்ணீர் தெறிப்பதை நிறுத்தக் கைப்பிடியில் பட்டன் உண்டு. சூடான காப்பியை மட்டும் உள்ளே கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: ரிக்ளைனரில் போன் விழுந்துவிட்டது. எடுக்கப் பட்டனை அழுத்தலாமா? – வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: அழுத்தாதீர்கள். கால்தாங்கி மடங்கும்போது அடியிலுள்ள இரும்புக் கைகள் கத்தரிபோல மூடும். இடையில் போன் சிக்கினால் பேட்டரி நசுங்கித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. நாற்காலி எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே விட்டுவிட்டு எழுந்திருங்கள், பக்கத்து சீட்டுக்காரரையும் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். கையை இடுக்கில் விடாமல் ஊழியரை அழையுங்கள். அவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அடிப்பக்கமாக எடுத்துத் தருவார்.