கேளுங்க, சொல்றேன்: பொங்கல் பாட்டிலும் பழனி மாலையும்

பதில் தருபவர்: அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொது மருத்துவர், மதுரை

தங்கச்சிக்குத் தலைப் பொங்கல். ராத்திரி மாப்பிள்ளையோடு மொட்டை மாடியில் உட்காருவதாக இருக்கிறோம். விடிந்ததும் ஆறு மணிக்கு அவர்கள் பைக்கில் ஊருக்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் தெளிந்துவிடும்தானே? மோர் கொடுத்தால் போதுமா?
— வாசகர், மேலூர்

மோர் கொடுத்தால் மோர் குடித்த குடிகாரர் ஆவார், அவ்வளவுதான். எலுமிச்சை, கடுங்காப்பி, பச்சைத் தண்ணிக் குளியல் எல்லாம் அதே கதைதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் 60 கிராம் சொச்சம். கல்லீரல் மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம்தான் எரிக்கும். அதை யாரும் அவசரப்படுத்த முடியாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் ஒரு குவார்ட்டருக்கே விடிந்துவிடும். ‘மாப்ளே, இன்னும் ஒரு கட்டிங்’ என்று நீங்கள் ஊற்றினால் காலைப் பலகாரம் முடிந்த பிறகும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் வண்டி ஓட்டக் கூடாது என்பது சட்டம். முதல் தடவை மாட்டினாலே 10,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விழலாம். ‘பீர்தானே’ என்பவர்களுக்கும் சொல்கிறேன்: 650 மில்லி ஸ்ட்ராங் பீர் எட்டு சதவீதம் என்றால், ஒரு கட்டிங்கை (அரை குவார்ட்டர், 90 மில்லி) விட அதில்தான் சரக்கு அதிகம்.

இன்னொரு விஷயம். தை 2 திருவள்ளுவர் தினம், டாஸ்மாக் லீவு. நாளைக்குக் கடை இல்லை என்று பொங்கலன்றே இரண்டு நாளைக்கு வாங்குவார்கள். வாங்கியது அன்று ராத்திரியே காலியாகும். பொங்கல் ராத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில் டியூட்டி பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உட்காருவதென்று முடிவு செய்துவிட்டால், முதலில் வயிறு நிறையச் சோறு போடுங்கள், பிறகு கிளாஸை எடுங்கள். நம்ம ஆட்கள் நேர்மாறாகச் செய்து, பாதி ராத்திரியில் சோத்துப் பானையைத் தேடுவார்கள். மாப்பிள்ளையை அடுத்த நாள் மதியச் சாப்பாட்டுக்கும் நிறுத்திவைத்து, சாயங்காலமாக அனுப்புங்கள். உங்கள் அம்மாவுக்கும் அதுதான் ஆசையாக இருக்கும்.

கொஞ்சம் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கினால் பயம் தெரியாது என்கிறார்களே?
— மாடுபிடி இளைஞர், பாலமேடு

இறங்கவே விட மாட்டார்கள் தம்பி. மருத்துவப் பரிசோதனையில் குடித்திருப்பது தெரிந்தால் அதோடு சரி. மாடு திரும்புவதைக் கண் பார்த்து, கால் நகர்வதற்கு இடையில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் இருக்கிறது பாருங்கள், சாராயம் நீட்டிவிடுவது அதைத்தான்.

என் வீட்டுக்காரர் பல வருஷமாகத் தினமும் குடிப்பவர். பழனிக்கு நடப்பதற்காக மாலை போட்டார், அன்றோடு குடியை விட்டார். மறுநாளே கை நடுக்கம். மூன்றாம் நாள் ராத்திரி, செத்துப்போன அவர் அப்பாவோடு பேசுகிறார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டுகிறார். சாமி வந்திருக்கிறது என்கிறார் மாமியார். மாலையைக் கழற்றலாமா?
— வாசகி, உசிலம்பட்டி

அம்மா, இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மாலையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவரின் மூளை, சாராயம் அழுத்துவதற்கு எதிராகத் தன்னை முறுக்கிக்கொண்டே பழகியிருக்கும். திடீரென்று அழுத்தம் போனதும் முறுக்கு மட்டும் நிற்கிறது. சில மணி நேரத்தில் நடுக்கம், வேர்வை. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இல்லாத ஆள் தெரியும், பூச்சி தெரியும். இந்த நிலையில் சும்மா விட்டால் உயிர் போகும். சரியான மாத்திரையும் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் சில நாளில் தெளிந்துவிடுவார்கள்.

பக்கத்து கிளினிக்கில் ‘தெம்புக்கு ஒரு குளுகோஸ் பாட்டில்’ ஏற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். நெடுநாள் குடித்தவர் உடம்பில் பி1 வைட்டமின் வற்றிக் கிடக்கும். அதைக் கொடுக்காமல் குளுகோஸை மட்டும் ஏற்றினால் மூளையைப் பாதிக்கும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டு போனால் பொது மருத்துவமும் மனநலப் பிரிவும் ஒரே இடத்தில் இருக்கும். ‘தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார்’ என்று கேட்பார்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்று குறைத்துச் சொல்லாதீர்கள்.

மாலை போடுகிற மற்றவர்களும் கவனிக்க வேண்டும். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நிற்கிறது என்பவர்கள், மாலைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையோடு குடியை நிறுத்திவிட்டு அப்புறம் போட்டுக்கொள்ளலாம். முருகன் ஒன்றும் கோபிக்க மாட்டார்.

குடியை மறக்கடிக்கும் பவுடரை என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து தருகிறேன். பண்டிகைக்குள் நிறுத்திவிடுவாரா?
— வாசகி, சோழவந்தான்

இன்றைக்கே நிறுத்துங்கள். இப்படி விற்பதில் சிலவற்றில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருக்கலாம். அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்கள் இதைக் கொடுப்பது உண்டு, ஆனால் அவருக்குச் சொல்லி, பரிசோதித்து, சம்மதம் வாங்கித்தான். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்கும். அதனால் பொங்கலுக்கு அவர் கிளாஸைத் தொடுவதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிடுங்கள். சண்டை வரும், வரட்டும். பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எத்தனை நாளாகக் கலந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.