ஒரே கொழுந்துக் கணக்கு, நான்கு மொழிகள், நான்கு விடைகள்

கேள்வி: நான் இலங்கையின் ஹட்டனுக்கு அருகில் தேயிலைத் தோட்டமொன்றில் வசிக்கும் உயர்தர மாணவி. சாதாரண தரத்தில் பாஸ்கல் என்ற நிரலாக்க மொழியைப் படித்தேன், இப்போது பைதன் படிக்கிறேன். சி மொழியையும் ஜாவாஸ்கிரிப்டையும் இப்போதே தொட்டுப் பார் என்று அண்ணா சொன்னார். அதற்காக ஒரு பயிற்சியை எடுத்துக்கொண்டேன். அம்மா ஒவ்வொரு நாளும் பறித்த கொழுந்தின் கிலோவை உள்ளிட வேண்டும். 0 கொடுத்தால் வாசிப்பதை நிறுத்த வேண்டும். மொத்தம், சராசரி, 18 கிலோவை எட்டிய நாட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அச்சிட வேண்டும். 18, 21, 16, 20 என்று கொடுத்துப் பிறகு 0 கொடுத்தேன். சராசரிக்குப் பாஸ்கல் 1.875 என்று தொடங்கிப் பூச்சியங்களோடு நீளும் ஓர் எண்ணைக் காட்டுகிறது, கடைசியில் ஆங்கில ஈ எழுத்தும் +001 என்பதும் வருகின்றன. பைதன் முதல் எண்ணிலேயே வழுச் செய்தி காட்டி நின்றுவிடுகிறது. சி 18.000000 என்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் 4552905 என்கிறது. எங்கே பிழைத்தேன்? வீட்டில் கணினி இல்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் வாரத்துக்கு ஒரு பாடவேளை கிடைக்கும், மற்ற நாட்களில் கைப்பேசிதான்.

பதில்: முதலில் ஒரு நல்ல செய்தி. உங்கள் பாஸ்கல் விடை சரியானது. மற்ற மூன்று மொழிகளிலும்கூட நீங்கள் கணக்கைத் தவறாக யோசிக்கவில்லை. அந்தந்த மொழி உங்களிடம் எதிர்பார்த்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுத்த கிலோவை வீட்டுக்கு வந்ததும் கலண்டரின் ஓரத்தில் குறித்து வைப்பார். அதனால் உங்கள் கேள்வியை வாசித்தபோது ஒரு பாடப் பயிற்சியை வாசிப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கணினியை மூடிவிட்டு ஒரு தாளை எடுங்கள். உங்கள் கணக்கை, எந்தக் கணினி மொழியிலும் இல்லாமல் சாதாரணச் சொற்களில் எழுதும் போலிக் குறிமுறையில் எழுதினால் இப்படி வரும்:

மொத்தம் = 0, நாட்கள் = 0, எட்டியவை = 0
கிலோவை வாசி
கிலோ 0 அல்லாதிருக்கும்வரை பின்வருவனவற்றைச் செய்:
— மொத்தத்தோடு கிலோவைக் கூட்டு
— நாட்களோடு 1ஐக் கூட்டு
— கிலோ 18 அல்லது அதற்கு மேல் எனில் எட்டியவையோடு 1ஐக் கூட்டு
— அடுத்த கிலோவை வாசி
நாட்கள் 0ஐவிடக் கூட எனில் மொத்தத்தை நாட்களால் வகுத்து அச்சிடு, இல்லையெனில் "பதிவு இல்லை" என்று அச்சிடு

இதன் கீழே நான்கு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை ஒன்றை வரையுங்கள்: கிலோ, மொத்தம், நாட்கள், எட்டியவை. உங்கள் எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு வரிவரியாக நிரப்பினால் மொத்தம் 18, 39, 55, 75 என்று ஏறும். நாட்கள் 4, எட்டியவை 3. 75ஐ 4ஆல் வகுத்தால் 18.75. இந்த எண் கையில் இருந்தால்தான் எந்த மொழி சரியான விடை தருகிறது, எது தவறாகத் தருகிறது என்று உங்களால் தீர்மானிக்க முடியும். பல மாணவர்கள் இந்த அட்டவணையைத் தேவையற்ற வேலை என்று விட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு பாடவேளை மட்டும் கணினி கிடைக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஆய்வுகூடத்துக்குப் போகும்போது யோசிக்கும் வேலை முடிந்திருக்கும், தட்டெழுதும் வேலை மட்டுமே மிஞ்சியிருக்கும்.

பாஸ்கலில் வந்த அந்த நீண்ட எண்ணும் 18.75தான். 1.875ஐ 10இன் முதலாம் அடுக்கால் பெருக்கு என்பதே அந்த ஈ எழுத்துக்கும் +001 என்பதற்கும் பொருள். தசம எண்ணை எப்படி அச்சிட வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் பாஸ்கல் அதை விஞ்ஞான முறையில் எழுதும். அச்சிடும் இடத்தில் மாறியின் (பெறுமானத்தைச் சேமித்து வைக்கும் இடத்தின்) பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி, 0, மறுபடி முக்காற்புள்ளி, 2 என்று சேர்த்தால் 18.75 என்றே வரும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நிக்லாவுஸ் விர்த் 1970இல் இந்த மொழியை வெளியிட்டபோது நிரலாக்கத்தை ஒழுங்காகக் கற்பிப்பதே அவருடைய முக்கிய நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. மாறிகளின் வகைகளை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்லும் அதன் கண்டிப்பு அங்கிருந்து வந்தது. கிலோ ஒரு நிறைவெண் (தசமம் இல்லாத முழு எண்) என்று நீங்கள் அறிவித்துவிட்டதால், விசைப்பலகையில் தட்டிய 18ஐ அது தானாகவே எண்ணாக வாசித்துக்கொண்டது.

பைதனில் இடறியது இந்த இடத்தில்தான். பைதனின் இன்புட் கட்டளை எதைத் தட்டினாலும் அதை எழுத்துச் சரமாகவே தரும். நீங்கள் தட்டிய 18 அதற்கு 1 என்ற எழுத்தும் 8 என்ற எழுத்தும் பக்கத்தில் நிற்கும் ஒரு சொல். மொத்தமோ 0 என்ற எண். எண்ணையும் சொல்லையும் கூட்டமாட்டேன் என்று பைதன் மறுத்து நின்றது. இன்புட்டை இன்ட் (நிறைவெண்ணுக்கு) அல்லது ஃப்ளோட் (தசமத்துக்கு) என்ற கட்டளையின் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் தீர்ந்தது. அந்தச் செய்தியைக் கண்டு பயப்பட வேண்டாம். எந்த வரி, எந்த இரண்டு வகைகள் என்பதைச் செய்தியின் கடைசி வரிகள் சொல்லிவிடும். முதலில் அங்கிருந்து வாசிக்கப் பழகுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டிலும் நீங்கள் செய்த பிழை அதேதான், விளைவுதான் வேறு. அங்கும் பயனரிடம் கேட்டு வாங்கும் பெறுமானம் சரமாகவே வருகிறது. ஆனால் எண்ணோடு சரத்தைக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் மறுக்காது, எண்ணையும் சரமாக்கி ஒட்டிவிடும். 0உடன் 18 ஒட்டி 018 ஆனது, அதோடு 21, 16, 20 ஒவ்வொன்றாக ஒட்டி 018211620 ஆனது. பிறகு 4ஆல் வகுக்கச் சொன்னீர்கள். வகுத்தல் எண்களுக்கு மட்டுமே உரியது என்பதால் இப்போது அது சரத்தை எண்ணாக மாற்றிக்கொண்டது: 18211620ஐ 4ஆல் வகுக்க 4552905. உங்கள் அம்மா நாளொன்றுக்கு 45 இலட்சம் கிலோவுக்கு மேல் பறித்ததாக அது எந்தத் தயக்கமும் இன்றிச் சொல்கிறது. 18ஐ எட்டிய நாட்கள் 3 என்பது மட்டும் சரியாக வந்திருக்கும், கவனித்தீர்களா? பெரிது சிறிது என்று எண்ணோடு ஒப்பிடும்போதும் அது சரத்தை எண்ணாக்கிவிடும். பாதி விடை சரியாக இருப்பதுதான் இங்கே ஆபத்து. 1995இல் பிரெண்டன் ஐக் இணையப் பக்கங்களுக்காக மிகக் குறுகிய காலத்தில் உருவாக்கிய மொழி இது. பொருந்தாத வகைகளைச் சந்தித்தால் பெரும்பாலும் தானே மாற்றிக்கொண்டு மேலே போவது அதன் இயல்பு. வாசித்தவுடன் நம்பர் என்ற கட்டளையால் எண்ணாக மாற்றிவிடுங்கள்.

சி மொழியின் விடைதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது, ஏனென்றால் அது நம்பும்படியாக இருக்கிறது. 4552905ஐப் பார்த்தால் எவரும் சந்தேகப்படுவார்கள், 18.000000ஐப் பார்த்தால் சந்தேகப்படமாட்டார்கள். சி மொழியில் நிறைவெண்ணை நிறைவெண்ணால் வகுத்தால் விடையும் நிறைவெண்தான், தசமப் பகுதி வெட்டப்படும். சராசரி என்ற மாறியைத் தசம வகையாகத்தான் அறிவித்தேனே என்று நீங்கள் கேட்கலாம். வகுத்தல் முதலில் நடந்து முடிகிறது, அப்போதே முக்கால் கிலோ போய்விட்டது. மிஞ்சிய 18ஐத்தான் தசம மாறிக்குள் வைக்கிறீர்கள், அது தனக்குப் பின்னால் ஆறு பூச்சியங்களைப் போட்டுக்கொள்கிறது. எனவே மாற்றம் வகுத்தலுக்கு முன்பே நடக்க வேண்டும்: மொத்தத்துக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் தசம வகையின் பெயரான டபுள் என்று எழுதுங்கள், பிறகு வகுக்கட்டும். நாட்கூலிக் கணக்கில் இந்த வெட்டு எதைக் குறிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் அல்லாத, ஜாவா என்ற வேறொரு மொழியிலும் இதே குணம் உண்டு. பாஸ்கலும் பைதனும் இதில் நேர்மையாக இரண்டு குறிகளை வைத்திருக்கின்றன. பாஸ்கலில் சாய்கோடு தசம விடை தரும், டிவ் என்ற சொல் நிறைவெண் தரும். பைதனில் ஒற்றைச் சாய்கோடு தசமத்துக்கு, இரட்டைச் சாய்கோடு முழு எண்ணுக்கு. நூலகத்தில் பழைய பைதன் புத்தகம் கிடைத்தால் மட்டும் கவனம் தேவை: 2008 டிசம்பரில் பைதன் 3 வெளிவருவதற்கு முன்பு அங்கும் 75ஐ 4ஆல் வகுத்தால் 18தான் வந்தது. பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாத உதாரணங்களைக் கண்டால் அது பழைய புத்தகம் என்று அறிந்துகொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பாஸ்கலிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் இதில் விழுவதால். சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதே மடக்கல். பாஸ்கலின் ரிப்பீட், அன்டில் மடக்கலில் நிபந்தனை உண்மையானதும் ஓட்டம் நிற்கும். சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றின் டூ, வைல் மடக்கலில் நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை ஓட்டம் தொடரும். அப்படியே பெயர்த்து எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். பைதனில் இந்த வகை மடக்கலே கிடையாது. அதைவிட நுட்பமான பிழை வேறு: மடக்கலுக்குள் வாசித்து, கூட்டி, எண்ணி, கடைசியில் கிலோ 0ஆ என்று பார்த்தால், நிறுத்துவதற்காகக் கொடுத்த 0உம் ஒரு நாளாக எண்ணப்படும். மொத்தம் 75ஆகவே இருக்கும், 0ஐக் கூட்டியதால் அது மாறாது. நாட்கள் மட்டும் 5 ஆகி, சராசரி 15 என்று வரும். 18ஐத் தாண்டிய ஒருவர் 18ஐ எட்டாதவராக மாறிவிடுகிறார். இந்தப் பிழையை எந்த மொழியும் சுட்டிக்காட்டாது, உங்கள் அட்டவணைதான் காட்டும். மேலே உள்ள போலிக் குறிமுறையில் வாசிக்கும் வரியை இரண்டு இடங்களில் வைத்தது இதற்காகத்தான்.

மொத்தத்துக்குத் தொடக்கத்தில் 0 கொடுக்க மறந்தால் என்ன ஆகும் என்பதையும் வேண்டுமென்றே செய்து பாருங்கள். பைதன் அப்படி ஒரு பெயரே தெரியாது என்று நிற்கும். ஜாவா ஓடவே விடாது, தொகுக்கும்போதே தடுக்கும். சி மொழி நினைவகத்தின் அந்த இடத்தில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஓர் எண்ணோடு கூட்டிக்கொண்டு போகலாம், ஒரு நாள் சரியாகவும் மறுநாள் தவறாகவும் வரலாம். முதல் எண்ணாகவே 0 கொடுத்தும் பாருங்கள். நாட்களின் எண்ணிக்கையைச் சோதிக்காமல் வகுத்தால் பைதன் பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று நிற்கும், ஜாவாஸ்கிரிப்ட் "எண் அல்ல" என்பதற்கான சுருக்கத்தை அச்சிடும்.

இனி அண்ணா சொன்னதைப் பற்றி. அவர் அக்கறையோடு சொல்லியிருக்கிறார், ஆனால் பரீட்சை முடியும்வரை பைதனையே உங்கள் வீடாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மொழிகளை மாதத்துக்கு ஒரு முறை, ஏற்கெனவே தீர்த்த ஒரு கணக்கை மட்டும் கொண்டு போய்ப் பாருங்கள். புதிய மொழியையும் புதிய கணக்கையும் ஒரே நாளில் தொட்டால் பிழை எதில் என்று தெரியாமல் சோர்ந்துபோவீர்கள். கைப்பேசி அண்ட்ராய்டு என்றால் பைட்ராய்டு 3 என்ற செயலியைச் சிக்னல் உள்ள இடத்தில் ஒரு முறை தரவிறக்கிவிடுங்கள், பிறகு இணையம் இல்லாமலே பைதன் ஓடும். ஜாவாஸ்கிரிப்டுக்கு உலாவியே போதும். பாடசாலைக் கணினியில் தொன்னி என்ற இலவச மென்பொருளை நிறுவ முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். எஸ்தோனியாவின் தார்ட்டு பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்காக உருவானது அது. வின்டோஸ் கணினியில் அதை நிறுவினால் பைதனும் கூடவே வந்துவிடும், பென் டிரைவில் கொண்டு போகலாம். நிரலை வரிவரியாக ஓட்டி மாறிகளின் பெறுமானம் மாறுவதைத் திரையில் காட்டும், நீங்கள் தாளில் வரைந்த அதே அட்டவணைதான்.

அடுத்த வாரத்துக்கு ஒரு திருத்தம் தருகிறேன். தராசு முழுக் கிலோவில் மட்டுமா நிற்கிறது? 17.5 என்று கொடுத்தால் நிறைவெண்ணாக வாசிக்கும் உங்கள் பாஸ்கலும் பைதனும் வழுக் காட்டி நிற்கும், சி மொழி நிரல் நிற்காமல் சுழலத் தொடங்கும். எனவே கிலோவைத் தசம வகைக்கு மாற்றுங்கள். அதோடு, அடைமழையில் மலைக்குப் போயும் ஒரு கிலோவும் பறிக்க முடியாத நாளை எப்படிப் பதிவீர்கள்? 0 அப்போது உண்மையான பதிவு, நிறுத்தும் அடையாளமாக அதைப் பயன்படுத்த முடியாது. நிறுத்துவதற்கு -1ஐ வைத்துக்கொள்ளுங்கள். 17.5, 0, 20.5, -1 என்று கொடுத்தால் மொத்தம் 38. மூன்று நாட்களுக்கும் பகிர்ந்தால் சராசரி 12.67, பறித்த இரண்டு நாட்களுக்கு மட்டும் பகிர்ந்தால் 19. இரண்டையும் தனித்தனி வரியில், எது எதற்கானது என்ற விளக்கத்தோடு அச்சிடச் செய்யுங்கள். எந்தச் சராசரி தன் உழைப்பைச் சரியாகச் சொல்கிறது என்று அம்மாவிடமே கேளுங்கள்.