ஈசியூ வாங்குமுன்: கேள்வி-பதில்

கேள்வி: ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மட்டும் மாற்றியிருக்கிறேன். தனி ஈசியூ (கம்பெனி கொடுத்ததற்குப் பதிலாக எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி) போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல டயர் போடுங்கள்.

கேள்வி: பழைய எஞ்சினில் டர்போ ஏற்றியிருக்கிறேன். ஹால்டெக், லிங்க், மெகாஸ்குவர்ட் என்று ஆளுக்கொரு ஈசியூ சொல்கிறார்கள். எது சிறந்தது?

பதில்: உங்கள் வண்டியை ட்யூன் செய்யப் போகிறவருக்கு எதில் கைப்பழக்கமோ, அது. அப்படி ஒருவரை இன்னும் கண்டுபிடிக்கவில்லையென்றால் பெட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அப்புறம், நீங்கள் எழுதாமல் விட்டவை. கிராங்க் சக்கரத்தின் பல் அமைப்பு 36-1 ஆ (36 பல்லுக்கான இடத்தில் ஒன்று இல்லை), 60-2 ஆ, வேறா? அந்த ஈசியூ அதைப் படிக்குமா? இன்ஜெக்டரின் மின்தடையை மீட்டரில் அளந்தீர்களா? 12 முதல் 16 ஓம் காட்டினால் கவலையில்லை. 2, 3 ஓம் என்றால் பீக் அண்ட் ஹோல்ட் (முதலில் அதிகக் கரண்ட் கொடுத்து, பிறகு குறைக்கும்) டிரைவரோ தனி ரெசிஸ்டரோ வேண்டும்; இல்லாவிட்டால் ஈசியூவின் டிரைவர் எரிந்துபோகலாம். மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) பழைய 1 பார் வகை என்றால் டர்போ அழுத்தம் அதன் கண்ணில் படாது. வைட்பேண்ட் சென்சார் (புகையில் ஆக்ஸிஜனை அளப்பது), வயரிங், டைனோ (வண்டியை உருளையில் ஓடவிட்டுப் பவரை அளக்கும் இயந்திரம்) கூலி எல்லாம் கணக்கில் வந்ததா? பெட்டி விலையை மட்டும் வைத்து முடிவெடுக்கிறவர்களுக்கு எத்தனை முறைதான் எழுதுவது!

கேள்வி: ஓபிடி சாக்கெட்டில் (கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) செருகினால் பவர் கூடும் என்று ஒரு சின்னப் பெட்டியை விற்றார்கள். விளக்கு மின்னுகிறது, வேறொன்றும் நடக்கவில்லை. என் தப்பா?

பதில்: இல்லை, ஏமாற்றியவன் தப்பு. இந்த ரகத்தில் சிலவற்றைப் பிரித்தால் விளக்கை மின்ன வைக்கும் சில்லைத் தவிர உருப்படியாக ஒன்றும் இருக்காது. கார்டில் கட்டியிருந்தால் இன்றைக்கே வங்கியில் புகார் கொடுங்கள். விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள், நாளைக்கு அது காணாமல் போய்விடும்.

கேள்வி: ட்யூனர் மேப்புக்கு (ஈசியூவில் பெட்ரோல், ஸ்பார்க் கணக்கு அடங்கிய ஃபைலுக்கு) பாஸ்வேர்டு போட்டுவிட்டார். இப்போது நிமிடத்துக்கு 440 சிசி பெட்ரோல் விடும் இன்ஜெக்டரை எடுத்துவிட்டு 650 மாட்டியிருக்கிறேன். அவர் போனை எடுப்பதில்லை.

பதில்: முதலில் பழைய இன்ஜெக்டரைத் திரும்ப மாட்டுங்கள். பழைய மேப்பில் 650 ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெட்ரோல் இறங்கும். பிளக் கறுக்கும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் கழுவிக்கொண்டு போகும்.

இனி என் வயிற்றெரிச்சல். டைனோவுக்கும் ட்யூனர் நேரத்துக்கும் காசு உங்களுடையது, எஞ்சினும் உங்களுடையது, சாவி மட்டும் அவரிடமா? 'என் உழைப்பைத் திருடிவிடுவார்கள்' என்கிறார்கள் ட்யூனர்கள். சரி, நியாயம்தான். அப்படியானால் பூட்டுவேன் என்பதைப் பணம் வாங்குமுன் சொல்ல வேண்டாமா? கடை மூடினாலோ சண்டை வந்தாலோ மாட்டிக்கொள்வது வண்டிக்காரர்தானே? செகண்ட் ஹேண்டில் நான் வாங்கிய ஒரு ஈசியூவும் இப்படித்தான், பூட்டோடு வந்தது. விற்றவருக்கே பாஸ்வேர்டு தெரியாது. உங்கள் ஈசியூவைத் தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். பூட்டை அழித்துத் தர வழி இருந்தாலும் பெரும்பாலும் மேப்பும் சேர்ந்தே போய்விடும், புதிதாக ட்யூன் செய்ய வேண்டியிருக்கும். அடுத்த ட்யூனரிடம் முன்பணம் கொடுக்குமுன் 'பூட்டாத ஃபைல் ஒன்று என் கைக்கு வரும்' என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: புது மாடல் காரில் தனி ஈசியூ போட்டதும் மீட்டர் செத்துவிட்டது, ஆட்டோ கியர் மாறவில்லை. கேஸ் போடலாமா?

பதில்: யார் மேல்? கியர்பாக்ஸ், ஏபிஎஸ், மீட்டர் எல்லாம் கேன் பஸ் (இந்தப் பெட்டிகளை இணைக்கும் வயர்) வழியாகக் கம்பெனி ஈசியூவோடு பேசிக்கொண்டிருந்தன. அதைக் கழற்றிப் போட்டது நீங்கள். உங்கள் மாடலுக்கென்றே செய்த ப்ளக்-இன் வகை (கம்பெனி சாக்கெட்டிலேயே நேராகச் செருகுவது) இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பழையதையே மாட்டி ரீஃப்ளாஷ் (அதன் மென்பொருளை மாற்றி எழுதுவது) செய்யுங்கள்.

கேள்வி: பிரபல பிராண்ட் ஈசியூ, பிரிக்காத பெட்டி, பாதி விலை. வாங்கலாமா?

பதில்: சீரியல் நம்பரைக் கேளுங்கள், தயாரிப்பாளருக்கு அனுப்பிச் சரிபாருங்கள். விற்பவர் நம்பர் தர இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள்.