கடலில் நடுக்கம், சுவரில் வெடிப்பு: தூணை உடைக்க வேண்டுமா?

கேள்வி: பாண்டிருப்பில் சுனாமிக்குப் பிறகு கட்டிய வீட்டில் இருக்கிறோம். 300 கிலோமீற்றருக்கு அப்பால் கடலில் 5.2 அளவில் நிலநடுக்கம் என்று செய்தி வந்த மறுநாளே ஒருவர் வந்தார். சுவர் வெடிப்பெல்லாம் அதனால்தானாம். தூண்களை உடைத்துக் கட்ட வேண்டுமாம். நட்டஈடும் எடுத்துத் தருவாராம். 40,000 ரூபாய் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், சகோதரி. அவ்வளவு தூரத்து 5.2 உங்கள் சுவரை வெடிக்க வைக்காது. 2004இல் சுமாத்திராவில் வந்தது 9.1, சக்தியில் இதைப் போல ஏறக்குறைய 7 இலட்சம் மடங்கு. 5.2 அளவுக்குச் சுனாமியும் எழும்பாது. நிலம் நெடுநேரம் பலமாக ஆடினாலோ, கடல் உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓடுங்கள்.

தூணும் கல்லும் சேரும் இடத்தில் நேர்கோடாக, பூச்சில் மயிரிழையாக ஓடும் வெடிப்பு பழையதுதான். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். இரண்டு மாதத்தில் கோட்டைத் தாண்டாவிட்டால் பூசிவிடலாம்.

இந்த ஆட்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒவ்வொரு நடுக்கச் செய்திக்கும் பின்னால் கரையோரத் தெருக்களில் வருகிறார்கள். முட்டுக் கொடுக்காமல் தூணை உடைத்து, பாதியில் விட்டுப் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். சேதத்தைக் கிராம சேவகரிடம் நீங்களே சொல்லலாம்; அதற்குக் காசு இல்லை. ஆனால் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு அம்மாவை நாலு மேசைக்கு அலைய விட்டதையும் கண்டேன். அந்த அலைச்சல்தான் தரகருக்குச் சோறு போடுகிறது. ஒரு பொறியியலாளரை அனுப்பிப் பார்க்க வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள். தூணில் மேலிருந்து கீழாக, கம்பி போகும் வழியே வெடிப்பு ஓடுகிறதா? துருக்கறை வடிகிறதா? தட்டினால் பொள்ளென்று கேட்கிறதா? அப்படியானால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதுகிறது. கழுவாத கடல் மணலில் கொங்கிறீற் போட்டால் உப்பு கம்பியைத் தின்னும். சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் கட்டிய வீடென்றால் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். நடுக்கம் வந்தாலும் வராவிட்டாலும் அது ஆபத்து. மேலே பூசி மறைத்தால் துரு நிற்காது. ஒரு தூணில்தான் கறை என்றாலும் மற்றத் தூண்களையும் அடிவரை தட்டிப் பாருங்கள். குளியலறைப் பக்கத்துத் தூணை முதலில். பட்டம் பெற்ற பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். அப்படித் துருப்பிடித்த தூணுக்கு மேலே தண்ணீர்த் தாங்கி இருந்தால், இன்றைக்கே தண்ணீரை இறக்கிவிடுங்கள்.